படியெடுத்தவை பிழைத்தன

2016 ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் ஒரு பிற்பகல், என் மேசைக்கணினியின் வன்தட்டு ‘டக், டக்’ என்று சீரான இடைவெளியில் ஓசையெழுப்பத் தொடங்கியது. சுவர்க்கடிகாரத்தின் ஒலியோ என்று எண்ணி முதலில் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. கணினியை அணைத்து மீண்டும் இயக்கியபோது, அப்படியொரு தட்டு தன்னிடம் இருப்பதையே அது அறியவில்லை. அந்தத் தட்டில் 41 ஒப்பாரிப் பாடல்கள் இருந்தன. 2006 முதல் 2011 வரை சிவகங்கைச் சீமையின் சிற்றூர்களில் ஒன்பது மூதாட்டிகளைப் பாடச்சொல்லிப் பதிவு செய்தவை அவை. அவர்களுள் ஒருவர் என் அப்பத்தா. தட்டு நின்றுபோன அன்று அந்த ஒன்பது பேரில் இருவரே உயிரோடு இருந்தனர்.

தரவுகளை மீட்டுத் தரும் நிலையம் ஒன்றுக்கு அதை எடுத்துச் சென்றேன். படிக்கும் முனை தட்டின்மேல் உரசிக் காந்தப்பூச்சைச் சுரண்டிவிட்டது என்றும், இனி மீட்பதற்கு எதுவும் இல்லை என்றும் பத்து நாள் கழித்துச் சொன்னார்கள். காப்புப்படி இல்லாமலும் இல்லை. 2008இல் நான்கு குறுந்தகடுகளில் எல்லாவற்றையும் எழுதிப் பரணில் வைத்திருந்தேன். அதன் பிறகு பதிவானவற்றை மட்டும் எழுதி வைக்க நேரம் வாய்க்கவில்லை. இறக்கிப் பார்த்தபோது நான்கில் ஒன்றுகூடப் படிக்கவில்லை. எட்டு ஆண்டு வெக்கையில் அவற்றின் சாயப்பூச்சு வெளிறிப் போயிருந்தது. எழுதி வைத்த நாளுக்குப் பின் ஒருமுறையேனும் அவற்றை நான் போட்டுப் பார்த்ததில்லை.

முடிவில் கிடைத்தவை ஆறு பாடல்கள். 2009இல், ஒரு கட்டுரைக்காக நண்பர் ஒருவர் கேட்டார் என்று மின்னஞ்சலில் அனுப்பியவை. அவர் தம் அஞ்சல்பெட்டியைத் துப்புரவு செய்யாத சோம்பேறி. அந்தச் சோம்பலுக்கு நான் வாழ்நாள் முழுதும் கடன்பட்டிருக்கிறேன்.

அந்த ஆறு பாடல்களைக் கேட்டுக்கொண்டிருந்தபோது என் நினைவில் வந்தது வளையாபதி. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாக எண்ணப்படும் அந்நூல் முழுமையாக இன்று நம்மிடம் இல்லை. எழுபதுக்குச் சற்று மேற்பட்ட பாடல்களே கிடைத்துள்ளன. அவையும் அந்நூலின் ஏட்டிலிருந்து கிடைத்தவையல்ல. புறத்திரட்டு என்னும் தொகைநூலைத் தொகுத்தவரும் உரையாசிரியர்களும் தத்தம் தேவைக்காக எடுத்தாண்டதனால் எஞ்சியவை. குண்டலகேசியின் கதையும் இதுவே. மூலம் அழிந்தது, இன்னொருவர் கையில் இருந்த துணுக்கு பிழைத்தது. வளையாபதியின் ஏட்டை இளமையில் தாம் பார்த்ததாகவும், பதிப்பிக்கத் தேடியபோது அது அகப்படவில்லை என்றும் உ.வே.சாமிநாதையர் எழுதியிருக்கிறார். பார்த்த அன்றே ஒரு படி எடுக்கப்பட்டிருந்தால்? இந்தக் கேள்விக்கு விடை கிடையாது. ஆனால் கணினி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்.

ஒரு தனியாள் தன் கணினியில் உள்ளவற்றை எவ்வாறு காப்பது என்று அதன்பின் ஓராண்டு காலம் படித்தேன். விற்பனையாளர்களின் அறிவுரைகளைவிட, தரவுகள் தொலைந்துபோன வரலாறே எனக்கு மிகுதியாகக் கற்பித்தது. அந்த வரலாற்றின் சில பக்கங்களையும், அவற்றிலிருந்து நான் வந்தடைந்த ஏற்பாட்டையும் இங்கே எழுதுகிறேன்.

*

ஓலைக்கு ஆயுள் உண்டு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். பூச்சியும் ஈரமும் வெக்கையும் சேர்ந்து சில நூற்றாண்டுகளில் அதைத் தின்றுவிடும். ஆகவே ஒரு நூல் வாழவேண்டுமாயின் அது மீண்டும் மீண்டும் படியெடுக்கப்பட வேண்டும். பழுதான ஏட்டைப் புதிய ஓலையில் எழுதியபின் பழையதை நீரிலோ நெருப்பிலோ இடுவது வழக்கமாக இருந்தது என்பர். காலப்போக்கில் படியெடுப்பது நின்றது; இடுவது மட்டும் நிற்கவில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டார்கள் என்று கேட்டு மனம் நொந்ததை உ.வே.சா. தம் வரலாற்றில் பதிந்திருக்கிறார். ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட செய்தியையும் அவர் எழுதியிருக்கிறார்.

படியெடுப்பதிலும் ஓர் இடர் உண்டு. எழுதுவோர் கைப்பிழை அடுத்த படியிலும் அதற்கடுத்த படியிலும் தொடரும். நாம் பாடபேதம் என்கிறோம். இதைக் கண்டறிய நூலுக்குள்ளேயே சில பூட்டுகள் இருந்தன. அந்தாதித் தொடையில் ஒரு பாடலின் இறுதி அடுத்ததன் தொடக்கமாவதால், இடையில் ஒன்று விடுபட்டால் உடனே தெரிந்துவிடும். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து அவ்வாறு தொடுக்கப்பட்டது. அந்நூலின் ஒவ்வொரு பத்தின் ஈற்றிலும் உள்ள பதிகம், பாடியவர் யார், பாடப்பட்டவன் யார், பாட்டுகளின் பெயர் என்ன என்று ஒரு பட்டியலையே தருகிறது. இத்தனை கட்டுக்கோப்பு இருந்தும் அதன் முதற் பத்தும் பத்தாம் பத்தும் நமக்குக் கிடைக்கவில்லை. புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் இல்லை. இழந்தது எது என்று சொல்லப் பட்டியல் உதவும். இழந்ததை அது திருப்பித் தராது.

வேறொரு சான்றும் உண்டு. திருஞானசம்பந்தரின் திருவிடைவாய்ப் பதிகம் ஏடுகளில் கிடைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கோயிலின் கல்வெட்டிலிருந்தே அது கண்டெடுக்கப்பட்டது. ஓலையைத் தின்ற கரையானால் கல்லைத் தின்ன முடியவில்லை. ஒரே பொருளை இருவேறு ஊடகங்களில் வைப்பதன் பயன் இதைவிடத் தெளிவாக விளங்காது.

*

கணினியின் கதைக்கு வருவோம். 1951இல் வெளிவந்த யூனிவாக் கணினி உலோக நாடாவில் தரவுகளை எழுதியது. அடுத்த ஆண்டே ஐபிஎம் நிறுவனம் பிளாஸ்டிக் காந்தநாடாவைக் கொண்டுவந்தது. நாடாக் காலத்து வேலைமுறையே காப்புப்படியைத் தானாக ஈன்றது என்பது இன்று பலர் மறந்த செய்தி. நேற்றைய கணக்கு ஒரு நாடாவில் இருக்கும். இன்றைய வரவுசெலவு இன்னொன்றில். இரண்டையும் படித்துக் கணினி மூன்றாவது நாடாவில் புதிய கணக்கை எழுதும். பழைய நாடா அப்படியே இருக்கும். புதியதில் பிழை நேர்ந்தால் பழையதை எடுத்து மீண்டும் ஓட்டலாம். இவ்வாறு மூன்று தலைமுறை நாடாக்களை வைத்துச் சுழற்றும் முறைக்கு அத்துறையினர் இட்ட பெயர் ‘பாட்டன், தந்தை, மகன்’ என்பதாகும். மகன் கெட்டால் தந்தை, தந்தையும் கெட்டால் பாட்டன். குடும்பத்தை அறிந்தவர்கள் வைத்த பெயர்.

1956இல் ஐபிஎம்மின் ராமாக் இயந்திரம் வந்தது. வன்தட்டின் மூதாதை அதுவே. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்ட அது, ஏறத்தாழ ஒரு டன் எடையுடன் 50 இலட்சம் எழுத்துகளை மட்டுமே ஏற்றது. நாடாவைப்போல் வரிசையாக ஓட்டிக்கொண்டிராமல், வேண்டிய இடத்திற்கு நேராகச் சென்று படிக்கவும் எழுதவும் அதனால் முடிந்தது. வசதியோடு கேடும் வந்தது. பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதும் பழக்கம் அங்கே தொடங்கியது. அதுவரை இயல்பாகக் கிடைத்த காப்புப்படி, அதன்பின் ஒருவர் நினைவு வைத்துக்கொண்டு தனியே செய்யவேண்டிய வேலையாயிற்று.

வீட்டுக் கணினிகளுக்கு இந்த வேலை 1983இல் வந்து சேர்ந்தது எனலாம். அந்த ஆண்டு ஐபிஎம் வெளியிட்ட எக்ஸ்டி கணினியில் 10 மெகாபைட் வன்தட்டு இருந்தது. அதே ஆண்டில் வந்த டாஸ் 2.0 பதிப்பில், தட்டைப் படியெடுக்கவும் மீட்கவும் இரண்டு கட்டளைகள் சேர்க்கப்பட்டன. அக்காலத்து நெகிழ்வட்டு ஒன்றின் கொள்ளளவு 360 கிலோபைட். தட்டு நிறைந்திருந்தால் 29 நெகிழ்வட்டுகளை ஒவ்வொன்றாகச் செருகி எடுக்கவேண்டும். இடையில் ஒன்று பழுதானாலும் மீட்பது தடைப்படும். இந்தப் பொறுமை எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? காப்புப்படி எடுப்பது சலிப்பூட்டுகிற வரையில் மனிதர்கள் அதைத் தள்ளிப்போடுவார்கள். என் நான்கு குறுந்தகடுகளும் அந்தச் சலிப்பின் பிள்ளைகளே. ஆகவே முதல் விதி: காப்புப்படி மனிதனின் நினைவை நம்பாமல், தானே நடக்கவேண்டும்.

*

இரண்டாம் விதியைத் திரைப்பட வரலாறு தருகிறது. 1998இல் பிக்ஸார் நிறுவனம் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, தவறுதலாக இடப்பட்ட ஓர் அழித்தல் கட்டளை அப்படத்தின் கோப்புகளை ஒவ்வொன்றாக விழுங்கத் தொடங்கியது. திரையில் பாத்திரங்கள் மறைவதைக் கண்டு பதறிக் கணினியின் மின்னிணைப்பைத் துண்டிக்கச் சொன்னார்கள். அதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. காப்புநாடா இருக்கிறதே என்று எடுத்துப் பார்த்தால், ஏறத்தாழ ஒரு மாதமாக அது சரிவர எழுதப்படவில்லை. படத்தைக் காத்தது கேலின் சஸ்மன் என்னும் தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினி. குழந்தை பிறந்திருந்தமையால் அவர் வீட்டிலிருந்தே பணியாற்றினார். அதற்காகப் படத்தின் கோப்புகளை வீட்டுக்கு அவ்வப்போது படியெடுத்துவந்தார். அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றிக் காரில் ஏற்றிக் கைக்குழந்தையைப்போல் கொண்டுவந்தனர். புறத்திரட்டு செய்ததை இங்கே ஒரு தாயின் மகப்பேற்று ஏற்பாடு செய்தது.

2017 சனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததும் இதையொத்ததே. இரவில் களைப்போடு பணியாற்றிய பொறியாளர் ஒருவர், வேறொரு கணினியில் இருப்பதாக எண்ணி முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புறையை அழித்தார். ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட் எஞ்சியபோதுதான் நிறுத்த முடிந்தது. அவர்களிடம் ஐந்து வகையான காப்பு ஏற்பாடுகள் இருந்தன. தேவைப்பட்ட நேரத்தில் ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் சோதனைக்காக எடுத்திருந்த படியிலிருந்தே மீண்டார்கள். நடந்ததை ஒளிக்காமல் உலகறிய எழுதிவைத்தார்கள் என்பது அவர்களுக்குப் பெருமை.

இரு நிகழ்ச்சிகளும் சொல்வது ஒன்றுதான். மீட்டுப் பார்க்காத காப்புப்படி, காப்புப்படி ஆகாது. அது ஒரு நம்பிக்கை, அவ்வளவே.

*

தரவு அழியாமல் இருந்தும் படிக்க முடியாமல் போவது மூன்றாவது வகை இழப்பு.

1086இல் இங்கிலாந்தின் நிலங்களையும் உடைமைகளையும் கணக்கெடுத்து எழுதப்பட்ட ‘டூம்ஸ்டே’ நூலின் 900 ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, 1986இல் பிபிசி ஒரு பெரும் பணியை மேற்கொண்டது. பள்ளிப் பிள்ளைகள் உள்ளிட்ட பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் தம் ஊர்களைப் பற்றி எழுதியவையும் எடுத்த படங்களும் தொகுக்கப்பட்டு, இரண்டு லேசர் தகடுகளில் வெளியிடப்பட்டன. அவற்றைப் படிப்பதற்கென்றே தனியான கணினியும் கருவியும் வேண்டியிருந்தன. பதினாறே ஆண்டுகளில், 2002 வாக்கில், அந்தக் கருவிகள் அருகிப்போய், தகடுகள் பயனற்றுப்போகும் என்ற அச்சம் எழுந்தது. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் பழைய கணினியைப் போலவே நடிக்கும் மென்பொருளை எழுதித்தான் அவற்றைத் திறக்கவேண்டியதாயிற்று. 1086இல் தோலில் எழுதிய நூலோ இன்றும் லண்டனில் படிக்கக்கூடிய நிலையில் இருக்கிறது.

நாசாவின் கதை இன்னும் உருக்கமானது. 1966, 1967 ஆண்டுகளில் நிலவைச் சுற்றிய ஐந்து லூனார் ஆர்பிட்டர் கலங்கள் அனுப்பிய படங்கள் காந்தநாடாக்களில் இருந்தன. அந்நாடாக்களைப் படிக்கும் ஆம்பெக்ஸ் கருவிகள் ஒவ்வொன்றும் ஒரு குளிர்பதனப் பெட்டியின் அளவு. நான்சி எவன்ஸ் என்னும் ஆவணக் காப்பாளர் நாடாக்களை அழியவிடாமல் தடுத்தார். கருவிகளைத் தம் வீட்டு வண்டிக்கொட்டகையில் இருபது ஆண்டு காலம் வைத்துக் காத்தார். 2008இல் கலிபோர்னியாவில், மூடப்பட்ட மெக்டொனால்ட்ஸ் உணவகக் கட்டடம் ஒன்றில் ஒரு சிறு குழு அவற்றைப் பழுதுபார்த்து, நிலவின் விளிம்பில் பூமி எழும் படத்தை முன்னெப்போதும் காணாத தெளிவோடு மீட்டது. அப்பல்லோ 11 அனுப்பிய மூலப்பதிவு நாடாக்களுக்கு அத்தகைய காப்பாளர் வாய்க்கவில்லை. நாடாப் பற்றாக்குறையால் அவை அழிக்கப்பட்டு மீண்டும் பயன்படுத்தப்பட்டிருக்கவேண்டும் என்று 2009இல் நாசா தெரிவித்தது.

இவையெல்லாம் பெரிய நிறுவனங்களின் துன்பங்கள் என்று தமிழர் நாம் ஒதுங்கிவிட முடியாது. ஒருங்குறியில் தமிழுக்கு 1991இலேயே இடம் இருந்தும், அது கணினிகளில் பரவலாக இயங்க ஏறத்தாழப் பத்தாண்டு பிடித்தது. அதுவரை ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றத்தை வைத்திருந்தது. ஈழத்தவரும் புலம்பெயர்ந்தோரும் பாமினியில் எழுதினர். இணைய ஆர்வலர்கள் கூடி திஸ்கியை உருவாக்கினர். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் தரங்களைத் தமிழக அரசு ஏற்றது. அக்காலத்துக் கோப்பு ஒன்றை அதற்குரிய எழுத்துரு இல்லாமல் இன்று திறந்தால் உரோமன் எழுத்துகளின் குப்பையே தெரியும். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களை திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கும் கொண்டுவந்ததனால் அவை பிழைத்தன. ஓலையிலிருந்து ஓலைக்குப் படியெடுத்ததற்கு ஒப்பான பணி அது. பேஜ்மேக்கரில் அச்சுக்கோத்த எத்தனையோ தமிழ்நூல்களுக்கு அந்தப் பேறு இல்லை. 2004இல் அடோபி நிறுவனம் அம்மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்திவிட்டது. கோப்புகள் பதிப்பாளர்களின் பழைய தட்டுகளில் ஊமையாகக் கிடக்கின்றன.

ஆகவே மூன்றாம் விதி: எதைக் காக்கிறோமோ அதை எளிய, பொதுவான வடிவத்தில் காக்கவேண்டும். எழுத்தாயின் ஒருங்குறியில் அமைந்த வெற்றுரைக் கோப்பு. ஒலியாயின் வேவ் அல்லது ஃபிளாக். படமாயின் டிஃப் அல்லது ஜேபெக். ஒரே ஒரு மென்பொருள் மட்டும் திறக்கக்கூடிய வடிவம், ஒரே ஒருவர் மட்டும் படிக்கத் தெரிந்த ஏட்டுக்குச் சமம்.

*

நான்காவது, இடம். 1981 மே 31 நள்ளிரவைத் தாண்டி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சு நூல்களில் பலவற்றுக்கு உலகில் வேறு படிகள் இருந்தன. ஓலைச்சுவடிகளுக்கும் கையெழுத்துப் படிகளுக்கும் இல்லை. இழப்பு என்ற சொல்லின் முழுப் பொருளும் அந்த வேறுபாட்டில் இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் இணையத்தில் ஏற்றிவருவதை, அந்தத் தீக்கு அளிக்கப்பட்ட பொறுமையான மறுமொழி என்றே நான் கருதுகிறேன்.

‘மேகத்தில்’ வைத்துவிட்டால் தீ அண்டாது என்று நினைப்போர் உண்டு. மேகம் என்பதும் எங்கோ ஓர் ஊரில் உள்ள ஒரு கட்டடமே. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்திராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்தது. காப்புப்படியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தனர். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசின் தரவு மையத்தில் மின்கலங்களிலிருந்து தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தம் கோப்புகளைச் சேமித்துவந்த 858 டெராபைட் கொண்ட சேமிப்பகம் அதில் அழிந்தது. அளவு மிகப் பெரிது என்பதால் அதற்கு வேறிடத்தில் காப்புப்படி வைக்கப்படவில்லை. செல்வமும் தொழில்நுட்பமும் மிக்க ஒரு நாட்டுக்கே இது நேருமாயின், என் பரணைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

*

காப்புப்படி போலத் தோன்றி நம்மை ஏமாற்றும் இரண்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். ஒன்று, ரெய்டு. 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்கிலி ஆய்வாளர்கள் மூவர் எழுதிய கட்டுரையால் பரவிய முறை இது. பல தட்டுகளை இணைத்து, ஒன்று பழுதானாலும் வேலை நிற்காமல் காப்பது. ஆனால் நாம் ஒரு கோப்பை அழித்தால் எல்லாத் தட்டுகளிலும் அது அக்கணமே அழியும். இன்னொன்று, ஒத்திசைவுச் சேவைகள். 2008இல் டிராப்பாக்ஸ் வந்தபின் பரவிய இவை, ஒரு கணினியில் செய்யும் மாற்றத்தை மற்றவற்றிலும் உடனே செய்கின்றன. தவறும் அதே வேகத்தில் பரவும். பழைய பதிப்புகளைச் சில நாள்கள் வைத்திருக்கும் வசதி இருந்தால் மட்டுமே அவை ஓரளவு காப்பாகும். கண்ணாடியில் தெரியும் உருவத்தை இன்னொரு ஆள் என்று எண்ணக்கூடாது.

பகைவரும் உண்டு. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் கொள்ளை 1989இலேயே தொடங்கிவிட்டது. எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் தட்டு என்ற பெயரில் ஏறத்தாழ 20,000 நெகிழ்வட்டுகள் அஞ்சலில் அனுப்பப்பட்டன. அவற்றை இயக்கியவர்களின் கணினிகள் முடங்கின. 2017 மே மாதம் வானாக்ரை என்னும் நச்சுநிரல் சில நாள்களில் 150 நாடுகள் வரை பரவியது. இத்தகைய நிரல் கணினியோடு இணைந்திருக்கும் வெளித்தட்டையும் சேர்த்தே பூட்டும். ஆகவே ஒரு படியேனும் எதனோடும் இணைக்கப்படாமல் இருக்கவேண்டும். திருவிடைவாய்க் கல்வெட்டு எதனோடும் இணைந்திருக்கவில்லை.

*

இந்தப் பாடங்களையெல்லாம் ஒரு வரியில் அடக்கும் சூத்திரம் ஒன்று உண்டு. பீட்டர் கிரோ என்னும் அமெரிக்க நிழற்படக் கலைஞர் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் பரவச் செய்தது: மூன்று, இரண்டு, ஒன்று. மூன்று படிகள், இருவகை ஊடகங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில். புதிய கண்டுபிடிப்பு என்று சொல்வதற்கில்லை. ஏடு படியெடுத்து அயலூர் மடத்துக்கு அனுப்பிய மரபு இதை அறியும். சொல்லாகச் சுருக்கித் தந்ததே அவர் செய்த உதவி.

என் ஏற்பாடு வருமாறு. முதற்படி கணினியில். இரண்டாம் படி, மேசை இழுப்பறையில் உள்ள வெளி வன்தட்டில். ஞாயிறு காலை அதை இணைத்தால் மென்பொருள் தானே வேலையைத் தொடங்கிவிடும். பழைய பதிப்புகளையும் விட்டுவைக்கும். முடிந்ததும் கழற்றிவிடுவேன். ஆப்பிள் கணினியில் 2007 முதல் டைம் மெஷினும், விண்டோசில் 2012 முதல் ஃபைல் ஹிஸ்டரியும் இதற்கென்றே உள்ளன. லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு 1996இல் எழுதப்பட்ட ஆர்சிங்க் இன்றும் உண்மையான ஊழியன். மூன்றாம் படி, மதுரையில் தங்கை வீட்டுப் பீரோவில் உள்ள இன்னொரு வன்தட்டில். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் போகும்போது தட்டை மாற்றிக்கொள்வோம். நான்காவது, மறையாக்கம் செய்து இணையச் சேமிப்பகத்தில். எல்லாவற்றையும் ஏற்றாமல், இழந்தால் மீளாதவற்றை மட்டும். திரைப்படங்களையும் மென்பொருள்களையும் காப்பதில்லை. அவை உலகிடம் இருக்கின்றன. என்னிடம் மட்டும் இருப்பவற்றுக்கே நான் பொறுப்பு.

வெளித்தட்டாக நான் தேர்ந்தது பழைய வகைச் சுழல்தட்டுதான். திண்மநிலைத் தட்டு வேகமானது; வேலைசெய்யும் கணினிக்கு அதுவே ஏற்றது. ஆயின் அது தரவை மின்னூட்டமாகத் தேக்கிவைக்கிறது. மின்னிணைப்பின்றி நெடுங்காலம் பீரோவில் கிடந்தால் அந்த மின்னூட்டம் கசிந்து குறையக்கூடும். விரல்நீளப் பேனாத்தட்டுகளுக்கும் இது பொருந்தும். அவை எடுத்துச் செல்வதற்கு உரியவை, காப்பதற்கு உரியவையல்ல. சுழல்தட்டுக்கும் ஆயுள் உண்டு. ஐந்தாண்டு நிறைந்ததும், நன்றாக ஓடினாலும், புதிய தட்டுக்கு மாற்றிவிடுகிறேன். இரண்டு தட்டுகளையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்காதிருப்பதும் நலம். ஒரே தொகுதியில் செய்தவை ஒரே காலத்தில் பழுதாகக்கூடும்.

கோப்பு சத்தமின்றிச் சிதைவதும் உண்டு. அதைக் கண்டறிய, ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கைரேகை எண்ணைக் கணக்கிட்டு எழுதிவைக்கும் நிரல்கள் கிடைக்கின்றன. கோப்பில் ஒரு துகள் மாறினாலும் எண் முற்றிலும் மாறிவிடும். அந்தாதி செய்த வேலையை அவை செய்கின்றன. மறையாக்கத்தின் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, நிலப்பத்திரங்களோடு வைத்திருக்கிறேன், தங்கைக்கும் தெரியும். எனக்குப்பின் திறக்க ஆளில்லாத பெட்டியைப் பூட்டி என்ன பயன்?

கடைசியாக ஒன்று. எஞ்சிய ஆறு பாடல்களையும் பாடியவர்களின் மக்களிடம் சென்று, இசைவு பெற்று, ஆளுக்கொரு படி கொடுத்தேன். உயிரோடிருந்த இருவரையும் மீண்டும் பாடச்சொல்லிப் பதிவு செய்தேன். ஒருவர் பன்னிரண்டு பாடல்களைப் பாடினார். மற்றவருக்கு முதல் வரிகள் மட்டுமே நினைவில் இருந்தன. “அன்னைக்குப் பாடினதைப் போடுப்பா, கேட்டாத் தொடர்ந்துக்குவேன்” என்றார். என்னிடம் போட்டுக்காட்ட எதுவும் இல்லை என்று அவரிடம் சொல்லவேண்டியிருந்தது.

அதன்பின் ஆண்டுக்கொருமுறை, ஆடிப் பதினெட்டு அன்று, தங்கை வீட்டிலிருந்து தட்டை வரவழைத்து வேறொரு கணினியில் இணைக்கிறேன். ஏதேனும் ஒரு கோப்புறையை முழுவதும் மீட்டெடுத்து, அதில் ஒரு பாடலையாவது தொடக்கம் முதல் இறுதி வரை கேட்கிறேன். அப்பத்தாவின் குரல் அந்த ஆறில் இல்லை.